உயிரியலில் பிஎச்.டி.: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பாக்டீரியா மரபியலில் பிஎச்.டி. முடித்துவிட்டு இப்போது பெங்களூரில் ஆய்வு செய்துவருகிறேன். ஆராய்ச்சிக்கு வர நினைக்கிறவர்கள், வந்து பாதியில் தவிக்கிறவர்கள், பெற்றோர் என்று பலர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். எந்தத் தேர்வு எழுதுவது என்றுதான் அதிகம் பேர் கேட்டிருக்கிறீர்கள். யாரிடம் சேர்வது, எதைப் பற்றி ஆராய்வது என்று கேட்டவர்கள் குறைவு. என்னைப் பொறுத்தவரை ஐந்தாறு வருஷ வாழ்க்கையை முடிவு செய்வது அந்த இரண்டாவது விஷயம்தான். அதனால் அங்கே கொஞ்சம் நீட்டிப் பேசுவேன்.

அக்கா, திருநெல்வேலியில் எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கிறேன். நெட், கேட், ஜீபில்ஸ் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதற்குப் படிப்பது?

மூன்றும் வேறு வேறு கதவுகள். சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட்டில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்கினால் உதவித்தொகை உங்கள் பெயரில் வரும். அதை எடுத்துக்கொண்டு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கும் போகலாம், ஹைதராபாத்தில் உள்ள சி.சி.எம்.பி. என்ற உயிரியல் ஆய்வு மையத்துக்கும் விண்ணப்பிக்கலாம். கைடிடம் தனியாகப் பணம் இல்லாத இடத்திலும் சேர முடியும் என்பது இதன் பெரிய பலம். கேட் தேர்வு ஐ.ஐ.டி. போன்ற இடங்களுக்கு உதவும். விலங்கியல்காரர்கள் எக்ஸ்.எல். என்ற உயிர் அறிவியல் தாளை எழுதலாம், ஆனால் அதில் வேதியியல் கட்டாயம். ஜீபில்ஸ், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் (டி.ஐ.எஃப்.ஆர்.) உயிரியலுக்காக நடத்தும் நுழைவுத் தேர்வு. பெங்களூரில் அதன் உயிரியல் மையமான என்.சி.பி.எஸ்.ஸுக்கு முக்கியமான வழி. மனப்பாடத்தை அது அதிகம் சோதிக்காது. ஒரு சோதனையின் முடிவைக் கொடுத்து, இதிலிருந்து என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது என்று கேட்கும்.

நெட்டுக்குப் படிக்கும்போது ஒரு கணக்கை மனதில் வையுங்கள். லைஃப் சயின்ஸஸ் தாள் 200 மதிப்பெண். அதில் பாதி, அதாவது 100, 'சி' பகுதியிலிருந்து வருகிறது. அங்கே 75 கேள்விகள் இருக்கும், 25-க்கு விடை எழுதினால் போதும். தவறான விடைக்கு 25 சதவீதம் கழிப்பார்கள். அதனால் பாடத்திட்டத்தின் எல்லா அலகுகளையும் மேலோட்டமாகப் புரட்டுவதைவிட ஐந்தாறு அலகுகளை ஆழமாகப் படிப்பது நல்லது. ஆய்வுக் கட்டுரைகளில் உள்ள படங்களை எடுத்து, கீழே உள்ள விளக்கத்தை மறைத்துவிட்டு, நீங்களே முடிவு சொல்லிப் பழகுங்கள். இந்தப் பழக்கம் ஜீபில்ஸுக்கும் உதவும், இன்டர்வியூவுக்கும் உதவும், அப்புறம் லேபிலும் உதவும்.

2024 முதல் நெட்டில் 'பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும்' என்று ஒரு தகுதிப் பிரிவும் இருக்கிறது. அதில் உதவித்தொகை கிடையாது, ஒரு வருஷம்தான் செல்லும். ஜே.ஆர்.எஃப். வரவில்லையே என்று அந்தச் சான்றிதழை ஒதுக்கிவிட வேண்டாம். பல பல்கலைக்கழகங்களில் நுழைய அது போதும்.

பி.எஸ்சி. பயோடெக் மூன்றாம் வருஷம். இன்டகிரேட்டட் பிஎச்.டி. நல்லதா, எம்.எஸ்சி. முடித்துவிட்டுப் போவது நல்லதா?

ஆராய்ச்சிதான் வேண்டும் என்று ஏற்கெனவே ஒரு லேபில் வேலை செய்து பார்த்து முடிவெடுத்திருந்தால், எம்.எஸ்சி.யும் பிஎச்.டி.யும் சேர்ந்து வரும் இன்டகிரேட்டட் நல்லது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு (ஐ.ஐ.எஸ்சி.) ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், என்.சி.பி.எஸ்.ஸுக்கு ஜீபில்ஸ். பார்த்ததே இல்லை என்றால் முதலில் அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆராய்ச்சித் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். இரண்டு மாதம் லேபில் இருந்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

கைடை எப்படித் தேர்ந்தெடுப்பது? பெரிய பெயர் உள்ளவரிடம் சேர்ந்தால் பிற்காலத்துக்கு நல்லது என்கிறார்கள்.

பெயர் ஓரளவு உதவும். ஆனால் தினமும் உங்களோடு உட்கார்ந்து தரவைப் பார்க்கப்போவது யார் என்பதுதான் முக்கியம். பெரிய லேபில் கைடு மாதத்துக்கு ஒருமுறைதான் கிடைப்பார், போஸ்ட்டாக் (பிஎச்.டி. முடித்துவிட்டு அங்கே ஆய்வு செய்பவர்) ஒருவர்தான் சொல்லிக்கொடுப்பார். அந்த போஸ்ட்டாக் நல்லவராக அமைந்தால் அருமை, ஆனால் அவர் அடுத்த வருஷம் கிளம்பிவிடலாம். புதிதாகத் தொடங்கிய சிறிய லேபில் கைடே பெஞ்சில் நின்று கற்றுத்தருவார். அங்கே கருவிகள் வந்து சேரவே ஒரு வருஷம் ஆகலாம். இரண்டிலும் நல்ல தீசிஸ்கள் வந்திருக்கின்றன.

சேருவதற்கு முன் நான் சொல்வதைச் செய்யுங்கள். அந்த லேபின் கடைசி ஐந்து கட்டுரைகளை எடுத்து முதல் ஆசிரியர் யார் என்று பாருங்கள். அவர்கள் அங்கே பிஎச்.டி. மாணவர்களா? சேர்ந்து எத்தனை வருஷத்தில் அந்தக் கட்டுரை வந்தது? இப்போது எங்கே இருக்கிறார்கள்? அப்புறம் லேபில் இப்போது இருப்பவர்களிடம் கைடு இல்லாத நேரத்தில் பேசுங்கள். "சார் நல்லவரா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். இப்படிக் கேளுங்கள்: கடைசியாக ஒரு சோதனை தோற்றபோது கைடு என்ன செய்தார்? லேபை விட்டுப் பாதியில் போனவர்கள் உண்டா? பொங்கலுக்கு எத்தனை நாள் ஊருக்குப் போனீர்கள்? முடிக்கிற கட்டத்தில் இருக்கும் மூத்த மாணவர் பதில் சொல்லும் முன் தயங்கினால் அந்தத் தயக்கத்தையும் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

யு.ஜி.சி. விதிப்படி ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரைதான் வழிநடத்தலாம். உங்களுக்கு உண்மையிலேயே இடம் இருக்கிறதா என்று நேராகக் கேட்டுவிடுங்கள். லேப் ரொட்டேஷன் (முதலில் சில லேப்களில் மாறி மாறி வேலை செய்து பார்ப்பது) இருக்கும் நிறுவனமாக இருந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள். மனதில் ஏற்கெனவே முடிவு செய்த லேப் ஒன்று இருந்தாலும், சம்பந்தமே இல்லாத இன்னொன்றிலும் போய் உட்காருங்கள்.

தலைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. "கேன்சரில் ஆய்வு செய்ய வேண்டும்" என்பது இன்னும் கேள்வியாக மாறாத ஆசை. "இந்தப் புரதம் இல்லாவிட்டால் செல் ஏன் பிரிவதை நிறுத்துகிறது?" என்பது கேள்வி. கைடு முதல் சந்திப்பில் தன் வேலையை இந்த மாதிரி கேள்வியாகச் சொல்கிறாரா என்று கவனியுங்கள்.

இயற்பியல் எம்.எஸ்சி. முடித்திருக்கிறேன். உயிரியலுக்கு வர முடியுமா? தாமதமாகிவிட்டதா?

தாராளமாக வாருங்கள். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1976-ல் இயற்பியலில் பிஎச்.டி. வாங்கியவர். அதற்கு அப்புறம் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் மறுபடி மாணவராகச் சேர்ந்து உயிரியல் படித்தார். செல்லில் புரதங்களை உருவாக்கும் ரைபோசோமின் கட்டமைப்பைக் கண்டதற்காக 2009-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அதற்கும் முன்னால் நம் சென்னையிலேயே நடந்ததைப் பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவராக இருந்த ஜி.என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-ல் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்துக்கு மூவிழைச் சுருள் அமைப்பை முன்வைத்தார். 1963-ல் வெளியான, புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடம் இல்லாமல் இன்றும் யாரும் ஒரு புரதக் கட்டமைப்பைச் சரிபார்ப்பதில்லை. கிண்டி வளாகத்தில் நடந்த வேலை அது. இந்தப் பெருமையை நம் பிள்ளைகளுக்கு நாம் போதுமான அளவு சொல்வதில்லை என்பது என் ஆதங்கம்.

உங்களுக்குக் குறைவது உயிரியலின் சொற்களும் வரலாறும்தான். மூலக்கூறு உயிரியல் பாடநூல் ஒன்றை முழுதாகப் படியுங்கள். கணக்கிலும் நிரலாக்கத்திலும் உங்களுக்கு இருக்கும் பழக்கம் இன்று எந்த லேபிலும் தேவைப்படும்.

ஸ்டைபண்ட் எவ்வளவு? வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியுமா? தப்பாக நினைக்காதீர்கள்.

இதில் தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி. 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் மதிப்பீட்டில் தேறினால் எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை உதவித்தொகை), 42,000. ஹாஸ்டல் கிடைக்காவிட்டால் வீட்டு வாடகைப் படியும் உண்டு. மொத்தம் ஐந்து வருஷம். ஹாஸ்டலில் இருந்தால் வீட்டுக்கு அனுப்ப முடியும். ஆனால் பணம் மாதாமாதம் தவறாமல் வரும் என்று நம்பி ஈ.எம்.ஐ. போட வேண்டாம். சில மாதம் தாமதமாகிச் சேர்த்து வருவது பல இடங்களில் நடக்கிறது. முதல் தொகை வரவே காலம் எடுக்கும். முதல் ஆறு மாதத்தைச் சமாளிக்க ஏதாவது ஒரு வழி வைத்துக்கொண்டு சேருங்கள். ஐந்து வருஷத்தில் தீசிஸ் முடியாமல் போனால் ஆறாவது வருஷத்துக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதையும் கைடிடம் சேரும்போதே கேளுங்கள்.

தமிழ் வழியில் படித்தவன். ஆங்கிலத்தில் பேசவே வராது. இன்டர்வியூவில் தோற்றுவிடுவேனோ?

தம்பி, நல்ல இன்டர்வியூ குழு உங்கள் யோசனையைத்தான் பார்க்கும். தயங்கித் தயங்கிப் பேசினாலும் பலகையில் படம் வரைந்து காட்டுங்கள். கேள்வி புரியவில்லை என்றால் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, "ஆனால் இப்படி இருக்கலாம்" என்று யோசித்துக் காட்டுங்கள். எழுத்துக்கு மட்டும் உழைப்பு வேண்டும். தினமும் ஒரு கட்டுரைச் சுருக்கத்தைப் படித்து, அதை மூடிவைத்துவிட்டு உங்கள் சொற்களில் ஐந்து வரி எழுதுங்கள்.

இரண்டாம் வருஷம் முடியப்போகிறது மேடம். ஒரு சோதனைகூட வேலை செய்யவில்லை. முதலில் வந்த முடிவு திரும்ப வரமாட்டேன் என்கிறது. விட்டுவிடலாமா?

முதலில் ஒன்று: இரண்டாம் வருஷக் கடைசியில் இப்படி நிற்பவர்கள் ஏராளம். நீங்கள் தகுதியில்லாதவர் என்று அதற்குப் பொருளே இல்லை.

சரி, இப்போது வேலைக்கு வருவோம். புது சோதனை எதையும் தொடங்காமல் இரண்டு வாரம் மூலப்பொருள்களை மட்டும் சரிபாருங்கள். பிளாஸ்மிடை (செல்லுக்குள் செலுத்தும் சிறிய வட்ட டி.என்.ஏ.) மறுபடி சீக்வென்ஸ் செய்யுங்கள், முந்தைய மாணவர் எழுதிவைத்த லேபிளை நம்பாதீர்கள். பாக்டீரியா என்றால் தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றிக்கொண்டே போகாமல் மைனஸ் 80 டிகிரியில் உறையவைத்த கிளிசரால் ஸ்டாக்கிலிருந்து புதிதாக எடுங்கள். ஒரு மரபணுவை நீக்கியதால் வளர்ச்சி குறைந்தால், அதை ஈடுகட்டும் இன்னொரு மரபணு மாற்றம் தானாகவே தோன்றி, வேகமாக வளர்ந்து, பல தலைமுறைகளில் குழாய் முழுவதையும் பிடித்துவிடலாம். அப்படி நடந்தால் முதலில் கண்ட விளைவு காணாமல் போகும். அது உங்கள் கைப்பிழையே அல்ல. முழு ஜீனோமையும் சீக்வென்ஸ் செய்து அந்த மாற்றத்தைக் கண்டுபிடித்தால் அதுவே ஒரு அத்தியாயம் ஆகலாம். விலங்குச் செல்கள் என்றால் மைக்கோபிளாஸ்மா என்ற மிகச்சிறிய பாக்டீரியா கலந்திருக்கிறதா என்று சோதனை செய்யுங்கள். அது வளர்ப்புத் திரவத்தைக் கலங்கச் செய்யாது, சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெரியாது, ஆனால் செல்லின் நடத்தையையே மாற்றிவிடும். செல் லைன் (லேபில் தொடர்ந்து வளர்க்கும் செல் வகை) நீங்கள் நினைக்கிற அதுதானா என்றும் உறுதிசெய்யுங்கள். ஹீலா என்ற மனிதப் புற்றுநோய்ச் செல்கள் மற்ற செல் லைன்களில் கலந்து அவற்றையே மூடிவிட்ட சம்பவங்கள் உலகம் முழுக்கப் பதிவாகியிருக்கின்றன.

அதற்கு அப்புறம் கன்ட்ரோல்கள். கட்டாயம் வேலை செய்ய வேண்டிய ஒன்று, கட்டாயம் வேலை செய்யக்கூடாத ஒன்று, இரண்டும் ஒவ்வொரு முறையும் இருக்கட்டும். இரண்டும் சரியாக வந்து உங்கள் மாதிரி மட்டும் எதிர்பார்த்ததைக் காட்டவில்லை என்றால், ஒருவேளை கருதுகோள்தான் தவறு. அப்படியானால் சோதனை தோற்கவில்லை, ஒரு பதிலைச் சொல்லியிருக்கிறது. இதை எழுத்தில் தொகுத்து, உங்கள் ஆய்வை மதிப்பிடும் டாக்டரல் கமிட்டிக்குக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு செமஸ்டரும் அந்தக் குழு முன் நிற்க வேண்டும் என்ற விதியே இதற்காகத்தான். அங்கே நல்ல படங்களை மட்டும் காட்டிவிட்டு வந்தால் உதவி கிடைக்காது.

ஒரே தட்டில் மூன்று குழிகளில் செய்தால் 'n = 3' (தனித்தனியாக மூன்று முறை செய்தது) என்று போடலாமா?

கூடாது. ஒரே வளர்ப்பிலிருந்து மூன்று குழிகளில் ஊற்றினால் உங்கள் பிப்பெட் எவ்வளவு சீராக இருக்கிறது என்பதுதான் தெரியும். வேறு வேறு நாளில், வேறு வேறு காலனியிலிருந்து தொடங்கிச் செய்தால்தான் மூன்று.

திருமணமாகிக் குழந்தை இருக்கிறது. இப்போது பிஎச்.டி. சேரலாமா? கணவருக்கு இடமாற்றம் வந்தால் என்ன செய்வது?

சேரலாம். 2022 யு.ஜி.சி. விதிகளில் உங்களுக்கு உதவுபவை சில இருக்கின்றன. மகப்பேறு அல்லது குழந்தை பராமரிப்புக்காக 240 நாள் வரை விடுப்பு உண்டு. பொதுவான ஆறு வருஷ உச்சவரம்பில் பெண்களுக்குக் கூடுதல் தளர்வு உண்டு. வேறு ஊருக்குப் போக நேர்ந்தால், செய்த ஆய்வின் தரவை அங்குள்ள நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது. அலுவலகத்தில் "அப்படியெல்லாம் கிடையாது" என்றால் விதியின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

ஆனால் விதியைவிட லேபின் நேரம்தான் உங்கள் தினத்தை முடிவு செய்யும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரவெல்லாம் மாதிரி எடுக்க வேண்டிய வேலை இருக்கிறது, பகலில் முடித்துவிடக்கூடிய வேலையும் இருக்கிறது. தலைப்பு எடுக்கும்போதே இதைக் கைடிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். முகம் சுளிக்கிற கைடு என்றால் சேருவதற்கு முன்பே தெரிந்தது நல்லதுதான்.

காட்டில் ஆய்வு செய்ய ஆசை.

கேட்டில் ஈ.ஒய். என்று சூழலியல், பரிணாமத்துக்கே தனித் தாள் இருக்கிறது. டேராடூன் வனவிலங்கு நிறுவனம், கோவை ஆனைகட்டியில் சலீம் அலி மையம், பெங்களூரில் சூழலியல் ஆய்வு நிறுவனமான ஏட்ரீ, என்.சி.பி.எஸ். ஆகியவற்றைப் பாருங்கள். காப்பகங்களுக்குள் ஆய்வு செய்ய வனத்துறை அனுமதி வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஒரு பருவத்தைத் தவறவிட்டால் ஒரு வருஷம் போய்விடும். அனுமதி விண்ணப்பத்தை முதல் செமஸ்டரிலேயே தொடங்குங்கள்.

என் மகள் பிஎச்.டி. படிக்க வேண்டும் என்கிறாள். முடிக்கும்போது 28 வயது ஆகிவிடும். அதற்கு அப்புறம் வேலை கிடைக்குமா அம்மா?

ஐயா, உங்கள் கவலை நியாயமானது, அதனால் உள்ளதைச் சொல்கிறேன். கல்லூரி உதவிப் பேராசிரியர் வேலை மட்டும்தான் இலக்கு என்றால், குறைந்தபட்சத் தகுதிக்கு நெட் அல்லது மாநில அளவில் நடக்கும் செட் போதும் என்று யு.ஜி.சி. 2023-லேயே சொல்லிவிட்டது. பிஎச்.டி. அதற்குக் கட்டாயமில்லை. ஆய்வு நிறுவனத்தில் சொந்தமாக லேப் வைக்க வேண்டும் என்றால் பிஎச்.டி.க்குப் பிறகு சில வருஷம் போஸ்ட்டாக் செய்ய வேண்டும், இடங்களும் குறைவு. மருந்து மற்றும் உயிர்த்தொழில்நுட்ப நிறுவனங்கள், காப்புரிமை, மருத்துவத் தரவுப் பகுப்பாய்வு, அறிவியல் எழுத்து ஆகிய துறைகளில் பிஎச்.டி. முடித்தவர்களை எடுக்கிறார்கள். பெங்களூர், ஹைதராபாத்தில் அந்த வேலைகள் அதிகம். புள்ளியியலும் நிரலாக்கமும் தெரிந்தவர்களுக்குச் சீக்கிரம் கிடைக்கிறது. இதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள், முதல் வருஷக் கோர்ஸ் வொர்க்கிலேயே இரண்டையும் எடுத்துப் படிக்கட்டும்.

இந்த வருஷங்களில் மாதாமாதம் ஒரு தொகை வரும், செலவுக்கு உங்களிடம் கையேந்த வேண்டியிருக்காது. முடிந்தால் இன்டர்வியூவுக்கு நீங்களும் கூடப் போங்கள். வளாகத்தையும் ஹாஸ்டலையும் பாருங்கள், அங்கே படிக்கும் பெண்களிடம் நான்கு வார்த்தை பேசுங்கள். அதற்குப் பிறகும் கேள்வி இருந்தால் எனக்கு எழுதுங்கள்.