உன் வேலைக்காரியும் இளைப்பாறும்படிக்கு

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரில் செங்காங் வட்டாரத்தில் குடியிருக்கிறோம். எதிர்வீட்டு அக்கா ஒவ்வொரு தீபாவளிக்கும் முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்து தருவார். ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் ஜெபக்குழு கூடுகிறது. அதில் மூத்த சகோதரி ஒருவர், "நாம் பிரித்தெடுக்கப்பட்ட ஜனம், அதை வாங்கக் கூடாது" என்று 2 கொரிந்தியர் 6:17-ஐக் காட்டிச் சொன்னார். இந்த முறை தட்டைப் பணிப்பெண்ணிடம் கொடுத்து அப்படியே திருப்பி அனுப்பிவிட்டேன். குழுவுக்குச் சமைப்பதும் பரிமாறுவதும் அவர்தான் என்பதால் ஞாயிற்றுக்கிழமை அவர் எப்போதும் வீட்டில்தான் இருப்பார். அன்றிலிருந்து அக்கா மின்தூக்கியில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பள்ளியில் நடக்கும் தீபாவளிக் கொண்டாட்டத்துக்கு மகள் பாவாடை சட்டை அணிந்து போகலாமா என்பதும் தெரியவில்லை. பரிசுத்த ஜனமாக இந்த ஊரில் எப்படி வாழ்வது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

சில வாரங்களாக லேவியராகமத்தின் 19ஆம் அதிகாரத்தை விட்டு நகர முடியாமல் இருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் தனியாகப் பதில் எழுதாமல் இங்கேயே எழுதுகிறேன்.

மகள் பாவாடை சட்டை அணிந்து மகிழ்ச்சியாகப் போய்வரட்டும். தட்டைப் பற்றி, உங்கள் மூத்த சகோதரி காட்டிய அதே பவுல் 1 கொரிந்தியர் 10:27-இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்: அவிசுவாசி ஒருவர் விருந்துக்கு அழைத்து நீங்கள் போக மனதாயிருந்தால், முன்வைக்கப்பட்டதை ஒன்றும் விசாரிக்காமல் சாப்பிடலாம். இது விக்கிரகத்துக்குப் படைத்தது என்று ஒருவர் சொன்னால் மட்டும், சொன்னவரின் பொருட்டு விலகிக்கொள்ளச் சொல்கிறார். புறஜாதியாரோடு பழகவே கூடாது என்றால் இந்த உலகத்தை விட்டே வெளியேற வேண்டியிருக்கும் என்றும் அதே நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தில் எழுதியவர் அவர். ஒரே ஒரு வசனத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டு ஓர் அயலாரின் மனத்தைப் புண்படுத்துவது வேதத்துக்குக் கீழ்ப்படிவது ஆகாது. அக்காவின் கதவைத் தட்டி, "மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா" என்று சொல்லுங்கள். அவருடைய வருத்தம் நியாயமானது.

உங்கள் கடிதத்தில் என்னை உறங்கவிடாத வரி வேறு. அதை நீங்கள் கேள்வியாகக்கூட எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் எப்போதும் வீட்டில்தான் இருப்பார் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

"உங்கள் தேவனும் கர்த்தருமாகிய நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள்" என்று தொடங்கும் அந்த லேவியராகம அதிகாரத்தை இன்று இரவே முழுவதும் வாசியுங்கள். விக்கிரகத்தை விலக்கச் சொல்லும் கட்டளை அதில் உண்டு, நான் மறைக்கவில்லை. ஆனால் வயலின் ஓரத்தை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவைப்பது, கூலிக்காரனின் கூலியை மறுநாள் காலைவரை கையில் வைத்திருக்காதிருப்பது, செவிடனை நிந்திக்காதிருப்பது, தராசிலும் படியிலும் நேர்மையாயிருப்பது, நம்மிடத்தில் தங்கும் அந்நியனைச் சொந்த ஊரானைப்போல எண்ணி நேசிப்பது ஆகியவை எல்லாம் அதே அதிகாரத்தில், அதே பரிசுத்தத்தின் பெயரால்தான் கட்டளையிடப்பட்டிருக்கின்றன. தேவன் தம் ஜனத்தைப் பிரித்தெடுத்தபோது, நம் கைக்குக் கீழே வேலை செய்கிறவர்களிடம் நாம் நடந்துகொள்ளும் விதத்தையும் சேர்த்தே பிரித்தெடுத்தார்.

ஓய்வுநாளை எடுத்துக்கொள்ளுங்கள். நான் உங்களைப் பரிசுத்தப்படுத்துகிற கர்த்தர் என்பதற்கு இதுவே அடையாளம் என்று யாத்திராகமம் 31:13 சொல்கிறது. அந்த நாளில் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போலவே இளைப்பாற வேண்டும் என்றும், நீயும் எகிப்தில் அடிமையாயிருந்ததை நினைத்துக்கொள் என்றும் உபாகமம் 5ஆம் அதிகாரம் அதற்குக் காரணம் தருகிறது. இஸ்ரவேலர் ஆசரித்தது ஏழாம் நாள், நாம் கூடுவது உயிர்த்தெழுதலின் நாள். ஆனாலும் அந்தக் காரணம் மாறிவிடவில்லை. நாம் வேறுபட்டவர்கள் என்பதற்குக் கர்த்தரே கொடுத்த அடையாளத்துக்குள் வீட்டு வேலைக்காரியின் பெயரும் இருக்கும்போது, அவரைச் சமையலறையில் நிறுத்திவிட்டுக் கூடத்தில் நாம் எந்தப் பரிசுத்தத்துக்காகக் கைகளை உயர்த்துகிறோம்?

என் அப்பா சிராங்கூன் சாலையை ஒட்டிய தெருவொன்றில் மளிகைக் கடை வைத்திருந்தார். சனிக்கிழமை இரவு கம்பிக்கதவைப் பாதி இழுத்துவிட்டு, கடையில் வேலை செய்த இருவருக்கும் வாரக்கூலியைக் கொடுத்த பிறகுதான் கணக்குப் புத்தகத்தை மூடுவார். ஒரு சனிக்கிழமை சரக்குக்காரருக்குக் கொடுத்ததுபோக, பெட்டியில் ஒருவருக்கான கூலி மட்டுமே மிஞ்சியது. திங்கட்கிழமை வாங்கிக்கொள்கிறேன் என்று அந்தப் பையனே சொன்னான். அப்பா அதைக் காதில் வாங்காமல் எதிரே பூக்கடைக்காரரிடம் போனார். அன்றைக்குக் கட்டாமல் மீந்த மல்லிகையை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டிருந்த அந்த மனிதர், நெற்றி நிறைய விபூதியோடு, இடுப்புப் பையிலிருந்து பத்து வெள்ளித் தாள்களை எண்ணிக் கொடுத்தார். அப்பா பென்சிலால் அந்தக் கடனைக் குறித்துக்கொண்டு, கூலியைப் பையனின் கையில் வைத்து மூடினார். "கூலியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு நாளைக்குத் திருவிருந்துக்கு எப்படி முழங்கால்படியிடுவது?" என்று வீட்டுக்கு நடக்கும்போது சொன்னார். வேறுபட்ட ஜீவியம் என்று மேடைகளில் கேட்கும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் முகமும், அவர் கூலி கொடுப்பதற்குப் பணம் தந்த அந்தச் சைவரின் முகமும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன.

இந்த ஊரின் சட்டமே 2013 ஜனவரி 1 முதல் பணிப்பெண்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு உண்டு என்கிறது. அந்த நாளில் வேலை செய்ய அவர் ஒப்புக்கொண்டால் கூடுதல் சம்பளம் கொடுக்கலாம். அப்படியிருந்தும் 2023 ஜனவரி 1 முதல், மாதத்தில் ஒரு நாளையாவது பணத்தால் ஈடுகட்டாமல் ஓய்வாகவே கொடுத்தாக வேண்டும். இது மனிதவள அமைச்சு வகுத்திருக்கும் குறைந்த அளவு. தேவனுடைய சொந்த ஜனம் என்று சொல்லிக்கொள்கிற நாம் அந்தக் குறைந்த அளவுக்கும் கீழே நிற்கலாமா? "அவரே பணம்தான் கேட்கிறார்", "வெளியே போனால் கூடாத சகவாசம் வந்துவிடும்" என்று விசுவாசிகளின் வீடுகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஊரில் பிள்ளைகளை விட்டுவந்த ஒரு தாய் பணத்தைக் கேட்பதில் வியப்பில்லை. சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்து ஓய்வையும் கொடுங்கள். சகவாசத்தைக் குறித்த பயம் உங்கள் பயம், அதற்காக அவருடைய நாளைப் பறிக்க உங்களுக்கு உரிமையில்லை.

கடிந்து எழுதுகிறேன் என்று வருந்தாதீர்கள். எதிர்வீட்டாரின் முகம் மாறியது உங்களை இவ்வளவு நாள் வாட்டியிருக்கிறது என்றால் உங்கள் மனம் ஈரமானது. பேதுரு "பரிசுத்த ஜாதி" என்று எழுதியது பொந்துவிலும் கலாத்தியாவிலும் சிதறிக் கிடந்த சாதாரண மனிதர்களுக்கு. அடுத்த வசனத்திலேயே, முன்பு நீங்கள் ஜனமாகவே இருக்கவில்லை, இப்போது இரக்கம் பெற்றிருக்கிறீர்கள் என்கிறார். அந்த இரக்கம் உங்களுக்கும் கிடைத்திருக்கிறது, ஆகவே பயப்படாமல் குழுவிடம் பேசுங்கள்.

ஞாயிறு கூட்டத்தில் சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள், தேநீரும் பிஸ்கட்டும் போதும். கோப்பைகளைக் குழுவில் உள்ள ஆண்கள் கழுவட்டும். உங்கள் பணிப்பெண்ணிடம், வரும் ஞாயிறு காலை அவர் எத்தனை மணிக்குப் புறப்பட விரும்புகிறார் என்று இன்றைக்கே கேளுங்கள். எங்கே போகிறார் என்று கேட்க வேண்டாம்.

அன்புடன்.