மார்வாவும் ஹம்சானந்தியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மார்வா ராகம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, இந்துஸ்தானிப் பாடகர் உஸ்தாத் அமீர் கானின் மார்வாவைக் கேட்டேன். ஐந்தாறு நிமிடம் ஆகியும் பாட்டு தொடங்கியதாகவே தெரியவில்லை. ஸ்வரங்களைப் பார்த்தால் நம் கர்நாடக ராகமான ஹம்சானந்திதான். ஆனால் அது தரும் நிறைவு இதில் கிடைக்கவில்லை. ஏன் இப்படி இழுக்கிறார்?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஸ்வரங்களைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள். பஞ்சமம் (ப) இல்லாத இதே ஆறு ஸ்வரங்களில் இந்துஸ்தானியில் மார்வா, பூரியா, ஸோஹனி என்று மூன்று ராகங்கள் உண்டு. ஸோஹனி சட்டென்று மேல் ஷட்ஜத்துக்கு (ச) போய்விடும். நம் ஹம்சானந்திக்கு அதுதான் நெருக்கம். பூரியா காந்தாரத்திலும் (க) நிஷாதத்திலும் (நி) நிற்கும், கீழ் ஸ்தாயியில் அதிகம் உலாவும். மார்வாவுக்கு உயிர் ரிஷபமும் (ரி) தைவதமும் (த).

நீங்கள் தேடிய நிறைவு, பாட்டு வந்து இளைப்பாறும் ஆதார ஸ்வரமான ஷட்ஜத்தில் இருக்கிறது. மார்வா அதைத்தான் தள்ளிப்போடுகிறது. அமீர் கான் நிஷாதத்திலிருந்து ஷட்ஜத்தைத் தாண்டி ரிஷபத்துக்குப் போய் அங்கேயே நிற்பார். பின்னால் தம்புராவில் ஷட்ஜம் ஒலித்துக்கொண்டே இருக்கும். அதற்கு அரை ஸ்வரம் மேலே குரல் நிற்கிறது. அந்த உரசல்தான் மார்வா. தம்புராவில் பஞ்சமத்துக்குப் பதில் நிஷாதம் சேர்ப்பதால் சாய்ந்துகொள்ள வேறு இடமும் கிடையாது. கடைசியில் அவர் ஷட்ஜத்தைத் தொடும்போது, அத்தனை நேரம் அதற்காகக் காத்திருந்தோம் என்பதே அப்போதுதான் நமக்குத் தெரியும்.

இதை வேகமாகப் பாட முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். துரித காலத்தில் ஷட்ஜத்தைத் தாண்டிப் போவதைக் காது கவனிக்காது. அமீர் கான் எடுத்துக்கொள்வது 14 மாத்திரை ஜூம்ரா தாளம், அதுவும் அதிவிளம்பத்தில், அதாவது மிக மிக மெதுவாக.

ஆலாபனை முடிந்து கீர்த்தனை வரும் என்று காத்திருந்து பழகியவர்கள் நாம். மெதுவாக விரியும் இந்துஸ்தானிப் பாட்டு வகையான படா கயாலில் தபலா சேர்ந்ததுமே பாட்டு தொடங்கிவிட்டது. சாகித்யம் ஓரிரு வரிதான். ஒவ்வொரு ஆவர்த்தனத்திலும் (தாளச் சுற்று) ராகத்தைக் கொஞ்சம் விரித்துவிட்டு, பாட்டின் முகப்போடு தாளத்தின் முதல் அடியான சமத்துக்கு வந்து சேர்கிறார். முன்னுரை என்று நீங்கள் நினைத்ததுதான் கச்சேரியே. 1974-ல் அவர் மறைந்த பிறகு எத்தனையோ பேர் மார்வா பாடிவிட்டார்கள். எனக்கு இன்னும் அவருடையதுதான் மார்வா.

இது அந்தி நேர ராகம். ஒரு சாயங்காலம் வேறு வேலை வைத்துக்கொள்ளாமல், தம்புராவைக் காதில் விடாமல் பிடித்துக்கொண்டு முழுக்கக் கேளுங்கள். அப்புறம் படே குலாம் அலி கானின் ஸோஹனி. ஸ்வரம் அதேதான், ஆனால் ஹம்சானந்தியில் நீங்கள் விரும்பும் துள்ளல் அதில் இருக்கும். பூரியாவைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள்.