யார் முதலில் வருவது?

வணக்கம் ஐயா,

கிறிஸ்தவ நண்பர் ஒருவர் ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்கு அழைத்துப் போனார். பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது செய்த பாவங்களைக் குருவிடம் சொல்லி மன்னிப்பு பெற, ஒரு வரிசை நின்றது. சிலுவை என்பது கோபமாக இருக்கும் கடவுளைச் சாந்தப்படுத்தும் பரிகாரம்தானே, நம் காவடி மாதிரி? எல்லாம் அங்கேயே முடிந்துவிட்டது என்கிறார் நண்பர். அப்புறம் எதற்கு வரிசை?

ஒரு வாசகர், பட்டர்வொர்த்

அன்புள்ள நண்பருக்கு,

காவடி பெரும்பாலும் நேர்த்திக்கடன், கோபம் தணிக்க எடுப்பதல்ல. சரி, அது தனிக்கதை.

அந்த வரிசைக்குக் கத்தோலிக்கர் இன்று சொல்லும் பெயர் ஒப்புரவு அருட்சாதனம். ஒப்புரவு நமக்குக் குறளில் பழகிய சொல், 22ஆம் அதிகாரம். 'கைம்மாறு வேண்டா கடப்பாடு' என்று தொடங்கும். பைபிளில் உள்ள, இயேசுவின் தூதர் பவுலின் கடிதங்களைத் தமிழாக்கியவர்கள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். அவர் எழுதிய கிரேக்கச் சொல்லின் வேரில் இருப்பதோ மாற்றிக்கொள்வது. காசு மாற்றுவதற்கும் அதுதான் சொல். ஜார்ஜ்டவுன் மணி சேஞ்சர் கடைபோல, பகையைக் கொடுத்து நட்பை வாங்குவது. எனக்கென்னவோ குறள்தான் இன்னும் நெருக்கம்.

நீங்கள் நினைத்தது ஆதாரமில்லாததல்ல. பவுலுக்கு முந்திய மக்கபேயர் இரண்டாம் நூலில் (கத்தோலிக்க பைபிளில் உள்ள யூத நூல்), கடவுள் கோபம் தணிந்து தம் மக்களோடு மீண்டும் ஒப்புரவாக வேண்டும் என்றுதான் மன்றாடுகிறார்கள். பவுல் அதைத் திருப்பிப் போடுகிறார். ஒப்புரவாக்குகிறவர் கடவுள், ஒப்புரவாக்கப்படுகிறவர்கள் மனிதர்கள். அதுவும் அவர்கள் பகைவர்களாக இருக்கும்போதே என்கிறது அவர் ரோமருக்கு எழுதிய கடிதத்தின் 5ஆம் அதிகாரம். கோபமும் இரத்தமும் பலியும் பவுலிடமும் உண்டு. பலியைக் கொண்டுவருகிறவர் யார் என்பதில்தான் பரிகாரக் கணக்கு உதைக்கிறது.

என் அப்பா பெரியப்பாவிடம் கடன் வாங்கித் திருப்பித் தரவில்லை. ஆறு வருடம் பேச்சே இல்லை. தப்பு செய்தவன்தானே முதலில் போகவேண்டும்? ஒரு தீபாவளிக் காலையில் பெரியப்பாவே முறுக்கு டப்பாவோடு வந்து உட்கார்ந்துவிட்டார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கடவுள் குற்றங்களைக் கணக்கில் வைக்காமல் உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்று கொரிந்தியருக்கு எழுதிய பவுல், அடுத்த வரியிலேயே 'ஒப்புரவாகுங்கள்' என்று கெஞ்சுகிறார். முடிந்த காரியத்துக்கு எதற்குக் கெஞ்சவேண்டும் என்று நானும் யோசித்ததுண்டு.

பெரியப்பா வந்த சத்தம் கேட்டதுமே அப்பா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இவர் ஹாலில் தேநீர் குடித்து முடித்து, இன்னொரு கிளாஸ் கேட்டார். அப்பா வெளியே வர முக்கால் மணி நேரம் ஆனது.