இரண்டே நிமிடம்

கேள்வி: தியாகராய நகரில் பெரிய ஜவுளிக்கடை ஒன்றின் முன்புறத்தில், ‘தீயணைப்பு வாகனம் செல்லும் வழி – வண்டிகளை நிறுத்தக் கூடாது’ என்று சிவப்பு எழுத்தில் பலகை வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகையை மறைத்துக்கொண்டே கார்கள் வரிசையாக நிற்கின்றன. ஒருவரிடம் கேட்டதற்கு, ‘ரெண்டே நிமிஷம் மேடம், டிரைவர் வண்டியிலதான் இருக்கார்’ என்று சொல்லிவிட்டுப் போனார். அபராதத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால்தான் இவர்கள் திருந்துவார்களா?
– வாசகி ஒருவர், மேற்கு மாம்பலம்

பதில்: அந்த இரண்டு நிமிடத்திலிருந்தே தொடங்குவோம். நம் ஊர்த் தீயணைப்பு நிலையத்திலிருந்து வழக்கமாக வரும் தண்ணீர் வண்டியின் கொள்ளளவு சுமார் 4,500 லிட்டர். பம்பை முழு வேகத்தில் ஓட்டினால் நிமிடத்துக்கு 2,000 லிட்டருக்கு மேல் இறைக்கும். ஆக, வண்டி கொண்டுவந்த தண்ணீர் முழுவதும் தீர்ந்துபோவதற்கு ஆகும் நேரமும் ஏறத்தாழ அதே இரண்டு நிமிடம்தான். அதற்குள் கட்டடத்தின் நிலத்தடித் தொட்டியிலிருந்து தண்ணீர் எடுக்க வேண்டும். எடுத்ததைச் சுவரோரம் பதித்திருக்கும் இணைப்பு வாய்கள் வழியாக மேல்மாடிக் குழாய்களுக்கு ஏற்ற வேண்டும். அந்தத் தொட்டியின் மூடி பெரும்பாலும் முன்புறத் தரையில்தான் இருக்கும். அடுத்த முறை போகும்போது கவனித்துப் பாருங்கள். மூடியின் மேல் ஒரு காரின் சக்கரமும், இணைப்பு வாய்களை உரசினாற்போல் இன்னொரு காரின் பம்பரும் இருந்தால் நான் வியப்படைய மாட்டேன்.

‘டிரைவர் வண்டியிலேயே இருக்கிறார்’ என்பதும் கேட்பதற்கு நியாயம்போல் ஒலிக்கும் வெற்றுப் பேச்சுதான். நான்காவது மாடியில் புகை கிளம்பியதும் உள்ளே இருக்கும் சில நூறு பேர் எங்கே ஓடி வருவார்கள்? அதே முன்புறத்துக்குத்தான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களும், உள்ளே விட்டுவிட்டு வந்த உறவினரின் பெயரைச் சொல்லிக் கூவுகிறவர்களும், கைப்பேசியில் படம் பிடிக்கிறவர்களுமாக அந்த இடம் நிறைந்துவிட்ட பிறகு, அந்த டிரைவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் காரை ஓர் அடி நகர்த்த முடியாது. எப்படியோ நகர்த்திவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அவர் வெளியேற வேண்டிய வாயிலும் தீயணைப்பு வண்டி உள்ளே நுழைய வேண்டிய வாயிலும் ஒன்றுதானே? உஸ்மான் சாலையில் சனிக்கிழமை மாலையில் காரைப் பின்னால் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, உயர்ந்த கட்டடங்களைச் சுற்றிலும் குறைந்தது 6 மீட்டர் அகலத்துக்கு, தீயணைப்பு வண்டியின் எடையைத் தாங்கக்கூடிய கெட்டித் தரையோடு, தடையேதும் இல்லாத வெற்றிடம் இருக்க வேண்டும் என்கிறது. 6 மீட்டர் தாராளமான அகலமாகத் தோன்றலாம். ஆனால், ஏணி வண்டி வந்து நின்றவுடன் ஏணியை உயர்த்திவிட முடியாது. கவிழ்ந்துவிடாமலிருக்க முதலில் இருபுறமும் இரும்புக் கால்களை நீட்டித் தரையில் ஊன்ற வேண்டும். பக்கத்தில் ஒரு கார் நின்றால் அந்தக் கால் நீளாது. கால் நீளாவிட்டால் ஏணி எழாது. இருசக்கர வாகனமாவது பரவாயில்லை, நாலு பேர் சேர்ந்து தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். அமெரிக்காவில் சாலையோரத் தீயணைப்புக் குழாயை மறித்து நிற்கும் காரின் இரு பக்கச் சன்னல் கண்ணாடிகளையும் உடைத்து, தண்ணீர்க் குழாயை அதன் ஊடாகவே செலுத்திவிடுவதுண்டு. நம் ஊரில் யாரேனும் அப்படிச் செய்தால், தீயை மறந்துவிட்டுக் கண்ணாடிக்காக நியாயம் கேட்க ஒரு கூட்டம் சேர்ந்துவிடும்.

தியாகராய நகருக்கு இதெல்லாம் புதிய பாடமும் இல்லை. 2008 செப்டம்பரில் ரங்கநாதன் தெருவில் சரவணா ஸ்டோர்ஸ் தீப்பற்றியபோது ஊழியர்கள் இருவர் இறந்தார்கள். 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் சென்னை சில்க்ஸ் கட்டடத்தில் பற்றிய தீ மறுநாளும் எரிந்தது. கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து, மிச்சத்தைப் பின்னர் இடித்தே தள்ள வேண்டியதாயிற்று. இடையில் 2011 அக்டோபர் இறுதியில், விதிமீறல்களுக்காக அந்த வட்டாரத்துக் கடைகள் பலவற்றுக்குச் சீல் வைத்தார்கள். 2012 பொங்கலுக்கு முன் உச்ச நீதிமன்றம் தற்காலிகமாகத் திறக்க அனுமதித்தது. கடைகள் திறந்தன, கூட்டமும் திரும்பியது.

உங்கள் கோபம் முழுவதும் காரில் வந்தவர் மேல் இருக்கிறது. அவர் குற்றவாளிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காருக்கு, ‘வா, வா, ரைட்ல ஒடி’ என்று விசில் ஊதி இடம் காட்டியவர் யார்? பல கடைகளில் அது கடையின் சீருடை அணிந்த காவலாளிதான். அவர் தாமாக அதைச் செய்வதில்லை. வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பினால் மேலாளரிடம் வசவு வாங்க வேண்டியவர் அவர். திட்ட அனுமதிக்குத் தந்த வரைபடத்தில் அடித்தளம் வாகன நிறுத்தமாக இருக்கும். நேரில் இறங்கிப் பார்த்தால் புடவைக் கட்டுகள் அடுக்கிய கிடங்காகவோ, ‘சிறப்புத் தள்ளுபடி’ப் பிரிவாகவோ இருக்கும். அடித்தளத்தில் நிற்க வேண்டிய கார்கள் அங்கிருந்து துரத்தப்பட்டுத் தீயணைப்பு வழியில் வந்து நிற்கின்றன. சதுர அடிக்கு அங்கே என்ன விலை என்பதை அறிந்தவர்களுக்கு, முதலாளியின் இந்தக் கணக்கு எளிதில் விளங்கும்.

சட்டத்துக்கு வருவோம். 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194E பிரிவு, தீயணைப்பு வண்டிக்கோ ஆம்புலன்சுக்கோ ஒதுங்கி வழி விடாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. நல்லது. ஆனால் அந்தப் பிரிவு, வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பவரைப் பற்றித்தான் பேசுகிறது. வண்டியை வழியில் நிறுத்திப் பூட்டிவிட்டு ஜரிகைக் கரை பார்க்கப் போனவருக்குப் பொதுவாகப் பாய்வது 177 ஆம் பிரிவு. முதல் முறை 500 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறைகளுக்கு 1,500 ரூபாய் வரை. வழி விடத் தாமதித்தவருக்குப் பத்தாயிரம், வழியையே இல்லாமல் ஆக்கியவருக்கு ஐந்நூறு! ஆகவே, நிறுத்தியவரையும் 194E பிரிவுக்குள் கொண்டுவர வேண்டும் என்று நீங்கள் கேட்டால், நானும் உங்களோடு கையெழுத்திடுவேன்.

ஆனால் தொகையை உயர்த்தினால் மட்டும் திருந்திவிடுவார்கள் என்று நான் நம்பவில்லை. நாற்பதாயிரம் ரூபாய்க்குக் கல்யாணப் புடவை எடுக்க வந்தவர், பிடிபடுவதே அரிது என்று தெரிந்துவிட்டால், 5,000 ரூபாய் அபராதத்துக்கும் அஞ்ச மாட்டார். புடவைப் பையோடு வெளியே வரும்போது கார் அங்கே இல்லை என்பதற்குத்தான் அஞ்சுவார். தடைசெய்யப்பட்ட இடத்தில் நிற்கும் வண்டியை இழுத்துச் செல்லவும் சக்கரத்தைப் பூட்டவும் 127 ஆம் பிரிவு ஏற்கெனவே அதிகாரம் தருகிறது. இழுத்துச் செல்லும் செலவையும் வண்டிக்காரரிடமே வசூலிக்கலாம். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் இதை விடாமல் செய்தாலே போதும், பலகையில் எழுதியிருப்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துவிடும்.

அதைவிட முக்கியம், கடையின் தீயணைப்பு உரிமம். அதைப் புதுப்பிக்க வரும் அதிகாரி, முன்கூட்டியே நாள் சொல்லிவிட்டுச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வந்தால், முன்புறம் பெருக்கிக் கோலம் போட்டாற்போல்தான் இருக்கும். ஆடித் தள்ளுபடி ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குச் சொல்லாமல் வரட்டும். கார் நிற்பதைக் கண்டால், காருக்குச் சீட்டு எழுதுவதோடு கடையின் உரிமத்தையும் நிறுத்தி வைக்கட்டும். மறுநாள் முதல் அதே காவலாளி அதே விசிலை ஊதி, கார்களை வெளியே அனுப்புவார்.

இனி நீங்கள் புகார் தர நினைத்தால், போக்குவரத்துக் காவல் துறைக்கு அனுப்பும் படத்தின் ஒரு பிரதியைத் தீயணைப்புத் துறைக்கும் அனுப்புங்கள். படத்தில் காரின் எண் மட்டும் இருந்தால் போதாது. அந்தச் சிவப்புப் பலகையும் கடையின் பெயரும், முடிந்தால் விசில் ஊதுகிறவரின் சீருடையும் சேர்ந்து விழட்டும்.