சூடானால் நின்றுபோகும் மஸ்டாங்: கார்புரேட்டரைத் தொடும் முன்

கார்புரேட்டரை (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) இப்போதைக்கு மாற்ற வேண்டாம். லண்டன் நெரிசலில் ஊர்ந்தால் உங்கள் 1967 ஃபோர்ட் மஸ்டாங் கார் நின்றுவிடுகிறது, ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோலக் கிளம்புகிறது என்றால், பெட்ரோல் சூட்டில் குழாயிலேயே ஆவியாகிறது என்பதுதான் என் முதல் சந்தேகம்.

பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோல் என்றால் இ10. அதில் 10 சதவீதம் வரை எத்தனால். எத்தனால் கலந்த பெட்ரோல் சூட்டில் எளிதாக ஆவியாகும். பழைய ரப்பர் ஹோஸையும் எத்தனால் கெடுக்கும். ஒரு டேங்க் இ5 சூப்பர் (எத்தனால் 5 சதவீதம் வரைதான்) போட்டுப் பாருங்கள்.

அடுத்த முறை நின்றதும்:

1. இக்னிஷனை அணைத்து, ஏர் கிளீனரைக் கழற்றி, கார்புரேட்டரின் த்ராட்டிலை (ஆக்ஸிலரேட்டர் இழுக்கும் நெம்புகோல்) கையால் இழுங்கள். உள்ளே பெட்ரோல் பீய்ச்சவில்லையா? எரிபொருள் பக்கம்தான் கோளாறு. குழாய் எக்ஸாஸ்ட் அருகே போகிறதா என்று பாருங்கள்.

2. நன்றாகப் பீய்ச்சினால், ஸ்பார்க் வருகிறதா பாருங்கள். வராவிட்டால் காயிலை (ஸ்பார்க்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் பாகம்) சந்தேகப்படலாம். இக்னிஷன் சுவிட்சிலிருந்து காயிலுக்கு வரும் இளஞ்சிவப்பு வயர் ஒரு ரெசிஸ்டன்ஸ் வயர், அதாவது காயிலுக்குப் போகும் வோல்டைக் குறைப்பது. புதுப்பிக்கும்போது அதைத் தூக்கிவிட்டுச் சாதா வயர் போடுவது அடிக்கடி நடக்கும் கூத்து. இக்னிஷன் போட்டு, பாயின்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் சுவிட்ச்) மூடியிருக்கும்போது காயில் பாசிட்டிவில் 6 முதல் 8 வோல்ட் சரி. 12 காட்டினால் காயில் வெந்துகொண்டிருக்கிறது.

பாயின்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டியிருந்தால் இந்த வோல்ட் கணக்கு பொருந்தாது. அப்புறம், சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சிந்தினால் தீப்பிடிக்கும். தீயணைப்பான் இல்லாமல் முதல் சோதனையைச் செய்யாதீர்கள்.