டொக்டர் இல்லாதவர்கள் மசாஜ் ஆராய்ச்சி மாநாட்டுக்குப் போனால் மதிப்பார்களா?

போங்கள். லீவு தரமாட்டோம் என்றால் சண்டை போட்டாவது போங்கள்.

ஸ்பாவில் வேலை செய்கிறீர்கள், கண்டியில் ஒருங்கிணைந்த மருத்துவம் பற்றிய ஆராய்ச்சி மாநாடு வருகிறது, அதில் மசாஜுக்கும் ஒரு அமர்வு இருக்கிறது, ‘பட்டம் இல்லாத என்னை அங்கே யார் மதிப்பார்கள், கட்டணமும் அதிகம்’ என்று கேட்டிருக்கிறீர்கள். பண்டாரவளை என்று போட்டிருப்பதால் நீங்களும் தோட்டத்திலிருந்து ஹோட்டல் வேலைக்கு வந்தவராக இருப்பீர்கள், ஒரு நாள் லீவு போட்டால் சேர்விஸ் சார்ஜும் சேர்ந்து வெட்டுப்படும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். தவறென்றால் மன்னியுங்கள்.

நான் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் பதினொரு வருடமாக இதே வேலை. தொழிலை எனக்குக் கற்றுக் கொடுத்தது எங்கள் அப்பாயி, அப்பாவின் அம்மா. சுளுக்கு, நரம்பு பிடிப்பு, பிள்ளை பெற்ற உடம்பு என்று லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லோரும் அவரிடம்தான் வருவார்கள். நல்லெண்ணெயைக் கரண்டியில் சூடு காட்டி உருவி விடுவார். காசு வாங்கமாட்டார், வெற்றிலை மட்டும் வாங்கிக்கொள்வார்.

எங்கள் ஹோட்டலுக்கு ஆலோசனைக்கு வருகிற சித்த மருத்துவர் ஒருவர், யாழ்ப்பாணத்தில் படித்தவர், நான் ஒரு நாள் அப்பாயி சொல்லிக் கொடுத்த மாதிரி தோளைப் பிடித்துவிட்டதைப் பார்த்துவிட்டு, ‘இது தொக்கணம் தெரியுமா?’ என்றார். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று கையால் பிடித்துவிடுவதில் ஒன்பது வகை சித்த மருத்துவத்தில் இருக்கிறதாம், அதற்குத்தான் தொக்கணம் என்று பேராம். அப்பாயி அதில் ஆறையாவது செய்வார், பேர் ஒன்றுகூடத் தெரியாமல். அந்த டொக்டர்தான் ‘செய்வதை எழுதி வை’ என்று ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கித் தந்தார். அந்தக் கொப்பிதான் என்னை மாநாடு வரைக்கும் கொண்டுபோனது.

நான் எழுதியது எங்கள் லயத்து அத்தை ஒருவரைப் பற்றி. முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். நெற்றிக்கு மேலே முடி தொடங்குகிற இடத்தில் கூடைக் கயிறு பதிந்து பதிந்து ஒரு விரல் அகலத்துக்கு முடியே இல்லை. கழுத்து தோளில் இறங்குகிற இடத்தில் கட்டை விரலை வைத்தால், ஈரக் கயிற்றை முறுக்கி வைத்த மாதிரி இருக்கும். வலது கையைப் பின்னால் கொண்டுபோய்க் கொண்டை போட முடியாது, மகள்தான் போட்டு விடுவாள். ஒவ்வொரு ஞாயிறும் மாலையில் நாற்பது நிமிடம் உருவி விட்டேன். வலி பத்துக்கு எத்தனை, இரவு எத்தனை தடவை விழித்தார், கொண்டையைத் தானே போட்டாரா என்று மூன்றே மூன்று விஷயம் குறித்தேன். எட்டு வாரத்தில் வலி எட்டிலிருந்து மூன்றுக்கு வந்தது. கொண்டையும் போட்டுவிட்டார்.

அத்தையிடம் கேட்டுத்தான் எழுதினேன். உங்கள் பேர் வராது என்று சொன்னதும் அவருக்கு வருத்தம். ‘அப்புறம் அது என்னோட தோள்னு அங்க இருக்கவங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்றார்.

சரி, மாநாட்டு நாள். காலை நாலு மணிக்கு எழும்பி, றம்பொட வழியாக வருகிற பஸ்ஸில், கொப்பியில் இருந்ததைப் பெரிய தாளில் போட்டு அங்கே மாட்டிக் காட்டுகிற போஸ்டரைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு கண்டிக்குப் போனேன். பெரிய பெரிய படிப்பாளிகள். என் போஸ்டருக்கு முன்னால் நின்றவர்கள் கொஞ்சப் பேர்தான். அதில் ஒருவர், அரசாங்க ஆஸ்பத்திரி டொக்டர், வரி விடாமல் வாசித்தார். பிறகு தமிழிலேயே கேட்டார்: ‘தங்கச்சி, டிசம்பர்ல தொடங்கி பெப்ரவரியில முடிச்சிருக்கீங்க. அந்த மாசங்கள்ல கொழுந்து எப்படி?’

எனக்கு நெஞ்சு திக்கென்றது. எங்கள் பக்கம் ஜனவரி, பெப்ரவரி, மார்ச்சில் வெயிலும் பனியும். கொழுந்து இருக்காது. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் நிறுத்தால் நல்ல காலத்தில் காட்டுவதில் பாதிகூட வராது. அப்படியானால் அத்தையின் தோள் லேசானது என் கையாலா, கூடை லேசானதாலா? தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது. பிறகுதான் தெரிந்தது, அவரும் அட்டன் பக்கத்து லயத்தில் பிறந்தவர்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அழுதேன். அவமானத்தில் இல்லை. ஒருவர் என் வேலையை உண்மையான வேலையாக மதித்து, அதில் எங்கே ஓட்டை என்று காட்டியிருக்கிறார். பதினொரு வருடத்தில் ஹோட்டலில் யாரும் என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. ‘வெரி நைஸ்’ என்பார்கள், டிப்ஸ் வைப்பார்கள். மதிப்பார்களா என்று கேட்டீர்களே, இதைத்தான் நான் மதிப்பு என்கிறேன்.

ஏப்ரல், மே மாதங்களில், கொழுந்து பொங்கி வருகிற காலத்தில், திரும்பவும் எட்டு வாரம் செய்தேன். இந்த முறை ஒவ்வொரு நாளும் அத்தை நிறுத்த கிலோவையும் குறித்தேன். வலி எட்டிலிருந்து ஆறுக்குத்தான் இறங்கியது. ஆனால் தூக்கம் நன்றாகத் திருந்தியது. இரவில் நாலைந்து தடவை விழித்தவர் ஒரு தடவைதான் விழித்தார். முதல் கொப்பியைவிட இரண்டாவது கொப்பி எனக்குப் பெருமை, ஏனென்றால் அதில் இருப்பதை யார் கேட்டாலும் நின்று பதில் சொல்வேன்.

அதே மாநாட்டில் ஒரு பேச்சாளர் சொன்ன ஆய்வு மனதில் நின்றுவிட்டது. அமெரிக்காவில் சியாட்டில் பக்கம் நாட்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 401 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உடம்பைத் தளர்த்துகிற சாதாரண மசாஜ், இன்னொன்றுக்குத் தசை தசையாகத் தேடிச் செய்கிற மசாஜ், மூன்றாவதுக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். வாரம் ஒன்றாகப் பத்து வாரம். 2011இல் முடிவு வந்தது. மசாஜ் கிடைத்த இரண்டு பிரிவும் நன்றாகத் தேறியது, இரண்டுக்கும் இடையே சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஆனால் ஒரு வருடம் போனபோது அந்த லாபம் பெரும்பாலும் கரைந்துவிட்டது. அந்த மூன்றாவது பிரிவு எதற்கு என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. மசாஜ் இல்லாமலே, கொழுந்தில்லாத மாதம் மட்டும் அத்தையின் தோளை எவ்வளவு லேசாக்கியது என்பதை அப்படி ஒரு பிரிவுதான் பிடித்துக் காட்டும்.

இதைப் படித்துவிட்டு ‘தேய்த்தால் எல்லாம் குணமாகும் என்கிறாள்’ என்று யாரும் கீழே எழுத வேண்டாம். நான் அப்படிச் சொல்லவில்லை. மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடுகிற கொக்ரேன் என்ற அமைப்பின் மீளாய்வு 2015இல் வந்தது. அது 25 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து, இடுப்பு வலிக்கு மசாஜ் நல்லது என்று நம்பிச் சொல்ல ஆதாரத்தின் தரம் போதாது என்றுதான் சொன்னது. எனக்கும் அது வலிக்கிறது, ஆனாலும் மறைக்கமாட்டேன். காய்ச்சல், எலும்பு முறிவு, ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்திருப்பது, கை கால் மரத்துப்போவது என்று வந்தால் நான் எண்ணெய்ப் போத்தலைத் தொடுவதே இல்லை, ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவேன். ஒரே ஆளைப் பற்றிய குறிப்பு எதையும் நிரூபிக்காது என்பதும் தெரியும். ஆனாலும் அதற்கு இடம் உண்டு. அமெரிக்காவில் மசாஜ் தெரபி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2010இல் சியாட்டிலிலும் 2013இல் பொஸ்டனிலும் மசாஜுக்கென்றே ஆராய்ச்சி மாநாடு நடத்தியது. நம்மைப் போலக் கையால் வேலை செய்கிறவர்கள் எழுதும் ஒற்றை நோயாளர் அறிக்கைகளுக்குப் போட்டியும் வைக்கிறது.

1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் எங்கள் தலவாக்கலையில்தான் இருக்கிறது. செடிக்கு நூறு வருடம் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. பறிக்கிற தோளுக்கும் யாராவது கொப்பி திறக்க வேண்டாமா? நாம் திறக்காவிட்டால் வேறு யார் திறப்பார்கள்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். மாநாட்டுக்கு நான் அனுப்பிய ஆய்வுச் சுருக்கத்தை ஏற்றுக்கொண்ட கடிதத்தைத் தபாலிலும் அனுப்பியிருந்தார்கள். அது தோட்டத்து ஒஃபிசில் கிடந்து, மாநாடு முடிந்து ஒன்பது நாள் கழித்து என் கைக்கு வந்தது. ஈமெயில் இருந்ததால் நான் தப்பினேன். என் தம்பிக்கு அந்த வசதி இருக்கவில்லை. ஆசிரியர் பயிற்சிக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதம் அதே ஒஃபிசில் இரண்டு கிழமை கிடந்து, நாள் போன பிறகுதான் வந்தது. இன்றைக்கு அவன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். லயத்துக் கதவுக்கு ஒரு நம்பரும், அந்தக் கதவுக்கே வருகிற தபால்காரரும் கேட்பது பெரிய ஆசையா? இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வெறுங்கையோடு போகாதீர்கள். இன்றைக்கே ஒரு கொப்பி வாங்கி, ஒரே ஒரு ஆளை எடுத்துத் திகதி போட்டு எழுதத் தொடங்குங்கள். அவர் அந்த வாரம் என்ன வேலை செய்தார், எவ்வளவு சுமந்தார், என்ன மாத்திரை போட்டார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், நான் விட்டது அதைத்தான். அவருடைய சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். போஸ்டரில் ஆங்கிலத்துக்குக் கீழே தமிழிலும் நாலு வரி போடுங்கள். என் முன்னால் அந்த டொக்டர் நின்றது அந்த நாலு வரியைப் பார்த்துத்தான்.

கட்டணம் கூடுதலென்றால் சம்பளத்தைச் சொல்லி ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். எனக்குப் பாதியாகக் குறைத்தார்கள்.