மருத்துவ மாணவர்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு வயிற்றுப் பிரச்சினை?

கேள்வி கேட்டவர் எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு என்று எழுதியிருக்கிறார். தேர்வு நெருங்கினால் வயிறு எரிகிறதாம், காலையில் நாலு தடவை கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கிறதாம், கேஸ் மாத்திரை போட்டுச் சமாளிக்கிறாராம். எல்லா மெடிக்கல் மாணவர்களுக்கும் இப்படித்தானா என்று கேட்கிறார்.

நிறைய பேருக்கு இப்படித்தான். ஆனால் "எல்லாருக்கும் இப்படித்தான்" என்று நினைத்துத்தான் நான் நாலு வருஷம் சும்மா இருந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் வருஷம் அனாடமி வகுப்பு எட்டு மணிக்கு. மெஸ்ஸில் இட்லிக்கு வரிசையில் நின்றால் அட்டெண்டன்ஸ் போய்விடும். தியரிக்கு 75 சதவீதம், பிராக்டிகலுக்கு 80 இல்லாமல் தேர்வு எழுத முடியாது. ஆகவே பதினோரு மணிக்குக் கேன்டீனில் ஒரு டீ, ஒரு பஃப்ஸ். அதுதான் காலை உணவு. இரண்டாம் வருஷம் எரிச்சல் ஆரம்பித்தது. சீனியர் அக்கா ஒருவர் அமிலத்தைக் குறைக்கும் பேன்டோபிரசோல் 40 மாத்திரை ஓர் அட்டை கொடுத்தார். அன்றிலிருந்து அது என் பையை விட்டுப் போகவில்லை.

அந்த மாத்திரையை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும். சாப்பிடும்போது வேலை செய்யத் தொடங்கும், வயிற்றில் அமிலம் சுரக்கும் பம்புகளைத்தான் அது அடைக்கும். ஃபார்மகாலஜி (மருந்தியல்) வாய்மொழித் தேர்வில் இதைத் தடங்கலில்லாமல் சொன்னவள் நான். ஆனால் போட்டதோ எரிகிறபோது மட்டும், பெரும்பாலும் சாப்பிட்ட பிறகு. போதாததற்கு மாதவிடாய் வலிக்கு மெஃப்டால், தலைவலிக்கு டைக்ளோஃபெனாக். வயிற்றைப் புண்ணாக்கக்கூடிய இந்த வலி மாத்திரைகளும் பல நாள் வெறும் வயிற்றில்.

டாக்டரிடம் ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். பேத்தாலஜி (நோயியல்) படிக்கிற வருஷம் யார் என்ன உபாதை சொன்னாலும் "படிச்சதெல்லாம் தனக்கே இருக்குன்னு தோணுற வியாதி" என்று வகுப்பே சிரிக்கும். ஒரு தடவை அந்தச் சிரிப்பு வாங்கியவர்கள் அப்புறம் வாயைத் திறக்க மாட்டார்கள். நானும் திறக்கவில்லை.

படிப்பு முடிந்து ஹவுஸ் சர்ஜனாக (பயிற்சி டாக்டராக) மெடிசின் வார்டில் இருந்தபோது மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. தூக்கம் போதவில்லை என்று நினைத்து, நானாகவே இரும்புச்சத்து மாத்திரை ஆரம்பித்தேன். மலம் கறுத்தது. இரும்பு மாத்திரையால்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதே வாரம் ஒரு தாத்தாவிடம் கேஸ் ஷீட்டுக்காக "தார் மாதிரி ஒட்டுதா? நாத்தம் அடிக்குதா?" என்று கேட்டேன். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் மலம் அப்படித்தான் இருக்கும். கேட்கும்போதே எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. எனக்கும் ஒட்டியது. இருந்தும் அன்று முழுக்க யாரிடமும் சொல்லவில்லை.

கண்டுபிடித்தது நைட் டூட்டி சிஸ்டர். நான் ஊசி மருந்து எழுதக் குனிந்தபோது என் கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். அப்புறம் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா, வெள்ளைத் தாள் மாதிரி இருக்கு? நீ முதல்ல பெட்ல படு" என்றார். ஹீமோகுளோபின் 7.6, ரத்தம் மிகவும் குறைவு. காலையில் எண்டோஸ்கோப்பி. முன்சிறுகுடலில் புண். பயாப்ஸியில் ஹெலிகோபேக்டர் பைலோரி, இந்தப் புண்ணை உண்டாக்கும் பாக்டீரியா. 1984இல் ஆஸ்திரேலிய மருத்துவர் பேரி மார்ஷல் தானே குடித்துப் பார்த்தாரே, 2005இல் ராபின் வாரனோடு சேர்ந்து நோபல் வாங்கினாரே, அதே கிருமி. 14 நாள் ஆன்டிபயாட்டிக், வலி மாத்திரைகளுக்கு முழுத் தடை. எல்லாம் முடிந்து சில வாரம் கழித்து, கிருமி போய்விட்டதா என்று மறுபடி சோதித்தார்கள். போயிருந்தது.

இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: பார்க்க வந்த சொந்தக்காரர்களில் பாதிப் பேர் "டாக்டருக்கே அல்சரா?" என்றார்கள். ஒரு மாமா தன் ஸ்கேன் ரிப்போர்ட்டை என் கட்டிலில் விரித்து விளக்கம் கேட்டார். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. வெள்ளைக் கோட்டு போட்டால் நோயாளியாக இருக்கும் உரிமைகூடப் போய்விடுமா? இன்னும் ஆறவில்லை.

"எங்க காலத்துல இதைவிடக் கஷ்டப்பட்டோம்" என்று சீனியர்கள் எழுதுவார்கள். பட்டிருப்பீர்கள், மறுக்கவில்லை. பேன்டோபிரசோல் கெட்ட மருந்து என்றும் நான் சொல்லவில்லை. என்னைக் குணப்படுத்தியதில் அதற்கும் பங்கு உண்டு. நான் குடல் நிபுணரும் இல்லை, சாதாரண எம்.பி.பி.எஸ்.தான்.

காலையில் நீங்கள் கழிவறைக்கு ஓடுவது ஐ.பி.எஸ். (இர்ரிட்டபிள் பவல் சிண்ட்ரோம் என்ற குடல் கோளாறு) ஆக இருக்கலாம். பதற்றம் மூளையிலிருந்து குடலின் நரம்புகளுக்குப் போய் அதன் அசைவைக் கூட்டும், இது கற்பனை நோய் இல்லை. குடல் கோளாறுகளுக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் 2016 ரோம் வரையறைப்படி, கடைசி மூன்று மாதத்தில் வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்று வலி இருக்க வேண்டும். வலிக்கும் மலம் கழிப்பதற்கும் தொடர்பு, எத்தனை தடவை என்பதில் மாற்றம், மலத்தின் தன்மையில் மாற்றம், இவற்றில் குறைந்தது இரண்டு சேர வேண்டும். வெறும் எரிச்சல் இதில் அடங்காது, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். எடை குறைந்தாலோ, ரத்தமோ கறுப்போ தெரிந்தாலோ, இரவில் எழுப்புகிற அளவுக்கு இருந்தாலோ தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

காரிடாரில் சாரை நிறுத்தி இரண்டு நிமிடம் கேட்பது வேண்டாம். உங்கள் பெயரில் ஓ.பி. சீட்டு போடுங்கள், வரிசையில் உட்காருங்கள், வேறு என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்டால் வலி மாத்திரையையும் சேர்த்துச் சொல்லுங்கள். என்னிடம் அதைக் கேட்டபோது முதலில் "ஒன்றுமில்லை சார்" என்றுதான் சொன்னேன்.